என்னமோ இடிக்குது

வா பேராண்டி. கட்டிலை வேப்பமர நெழலுக்கு இழுத்துப் போட்டு உக்காரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? எண்ணெய்க்கடைக்காரர் சேவல் லோகோவைத் திருப்பி அனுப்பிட்டாரா? மூணாந்தடவையா? பரவால்ல. எங்க காலத்துல ஏழு தடவை திருப்பி அனுப்புவாக. உனக்கு இன்னும் நாலு பாக்கி இருக்கு, என்ன அவசரம்?

என்ன குத்தம் சொன்னாரு? "என்னமோ இடிக்குது"ன்னாரா? அவ்வளவுதானா? நாட்டுல உள்ள வாடிக்கைக்காரவுக எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவுக போல. நான் சிவகாசியில லேபிள் வரைஞ்ச காலத்துலயும் இதே வாத்தியார் சொல்லிக் குடுத்த இதே பாட்டுத்தான். கொண்டை இடிக்குதா, வால் இடிக்குதான்னு கேட்டா மோட்டைப் பாப்பாக. அவுகளுக்குக் கண்ணு தெரியும், வாய் வராது. எங்கே இடிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் நமக்குக் கூலி.

சரி, மொத தடவை அனுப்புன படத்தைக் காட்டு. ஓ, இதா. வாட்சப்புல வந்த போட்டோவை அப்படியே எடுத்து, கோரல் டிராவுல பவர் ட்ரேஸ் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கி, டீ குடிக்கப் போயிட்டே. திரும்பி வந்தா சேவல் தயார். அந்தப் போட்டோ எத்தனை கை மாறி வந்துச்சோ. எடுத்து வச்சுத் திருப்பி அனுப்புன ஒவ்வொரு கைக்கும் வாட்சப் அதை ஒரு சுத்துச் சுருக்கியிருக்கும். மோருல தண்ணி ஊத்தி, அதுல மறுபடி தண்ணி ஊத்தி, கடைசியில வந்ததைக் கடைஞ்சு வெண்ணெய் எடுக்கப் பாத்திருக்கே. நல்ல பிள்ளை.

திரையோட அடிப்பட்டையில ஒரு எண்ணு தெரியுதே, அது என்ன? நோடா? கோட்டைப் பிடிக்கிற புள்ளியா? 1,146 நோடா? ஏண்டா, ஊர்ல உசுரோட திரியிற சேவலுக்கே அத்தனை எலும்பு கிடையாது! இதுக்குப் பேரு சேவல் இல்ல, எறும்புப் புத்து.

மிஷினைக் குத்தம் சொல்லாதே. நீ கேட்டதை அது குடுத்துச்சு. அதுக்குக் கோடுன்னா என்னன்னு தெரியாது. கருப்பு எங்கே முடியுது, வெள்ளை எங்கே ஆரம்பிக்குது, அவ்வளவுதான் தெரியும். நீ வாய்க்காலைக் காட்டுறே, அது ரெண்டு கரையைத் தனித்தனியா அளந்து எழுதிக்குது. இந்தக் கரை இங்கே நெளியும், எதுக்கால கரை அங்கே நெளியும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது. அப்புறம் "தாத்தா, கோடு ஒரு எடத்துல தடிச்சும் ஒரு எடத்துல மெலிஞ்சும் வருது, ஒவ்வொரு நோடா நகத்தி நகத்திச் சரி பண்றேன்"னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருந்தே. எனக்குத் தெரியாதா? மோட்டார் ரூம் லைட்டு எரிஞ்சுதுல்ல.

கரையைப் பிடிச்சா கடைசி வரைக்கும் கரையோடதான் மல்லுக்கட்டணும். நடுவைப் பிடி. பழைய படத்தை அடியில ஒரு லேயர்ல போட்டுப் பூட்டு, வெளிறிப் போகவை. மேலே இன்னொரு லேயர். கருப்புக் கோட்டோட நடு முதுகுல ஒத்தைக் கோடா இழுத்துட்டுப் போ. ஏர் ஓட்டுறவன் சாலோட நடுவைப் பாத்துத்தான் கொழு போடுவான், ரெண்டு பக்கமும் மண்ணு தானா சமமா விழும். அதே கணக்குத்தான். நீ இழுத்த ஒத்தைக் கோட்டுக்கு எஃப் 12 அமுக்கி ஒரு தடிமன் குடுத்தியானா, அதுல பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். சேவலோட மூக்குலருந்து வால் வரைக்கும் தடிமன் ஒண்ணேதான். நாளைக்கு அவர் "கொஞ்சம் தடிக்கட்டும்"னா ஒரு எண்ணை மாத்து, முடிஞ்சுது. ராத்திரி தூங்கலாம், கரண்டும் மிச்சம்.

நோடு எத்தனை வைக்கிறதுன்னு உங்க அப்பத்தாகிட்ட கேளு. அவ கோரலைப் பாத்ததில்ல, கோலம் பாத்திருக்கா. வெடியக்காலை இருட்டுல, பனியில, பாதித் தூக்கத்துல, ஏழு புள்ளிச் சிக்குக் கோலம் போடுவா. பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல ஒரு சிட்டிகை மாவு. கை போற வேகமும் மாவு விழுற வேகமும் ஒண்ணா இருக்கும். எங்கேயாவது கை தயங்கி நின்னாத்தான் அங்கே மாவு குமியும், கோடு தடிக்கும். வளைவுக்கு நடுவுல அவ நிக்கவே மாட்டா. உன் சேவல் ஏன் நெளியுதுன்னு இப்பத் தெரியுதா? அரை வட்டத்துக்கு ஒம்பது எடத்துல நின்னு நின்னு போயிருக்கே.

இந்த வளைவு வித்தையைக் கண்டுபிடிச்சவர் பேரு என்னமோ சொன்னியே அன்னைக்கு... பெசியே. பிரான்சுல ரெனோ கார் கம்பெனியில இஞ்சினியர். 1960-கள்ல காரோட உடம்பு வளைவைக் கணக்குல அடக்குறதுக்காக அவர் செஞ்ச வேலைதான் இன்னைக்கு உன் சேவல் கொண்டைக்கு வந்து நிக்குது. பக்கத்துல சிட்ரோயன் கம்பெனியில தெ காஸ்தெல்ஜோன்னு ஒருத்தர் முந்தியே கண்டுபிடிச்சிட்டாராம், கம்பெனிக்காரன் வெளியில சொல்ல விடலையாம். பேரு மட்டும் பெசியேவுக்குப் போச்சு. நம்மூர்ல கிணறு தோண்டினவன் ஒருத்தன், கல்வெட்டுல பேரு ஒருத்தனுக்குங்கிற கதைதான். அதை விடு. ஒரு காரையே கொஞ்சூண்டு புள்ளியில அடக்க வந்த கணக்கை வச்சுக்கிட்டு, நீ ஒரு சேவலுக்கு 1,146 புள்ளி வச்சிருக்கியே, அந்த மனுசன் கேட்டா என்ன நினைப்பாரு?

வளைவோட உச்சியில ஒண்ணு, அடியில ஒண்ணு, இடக் கோடியில ஒண்ணு, வலக் கோடியில ஒண்ணு. அங்கேதான் நோடு வைக்கணும். அதுலருந்து நீட்டுற கைப்பிடி ரெண்டும் படுத்தாப் படுக்கையா இருக்கணும், நின்னா நட்டுக்குத்தலா இருக்கணும். கோணல்மாணலா நீட்டுனா வளைவுல குண்டும் குழியும் விழும். சட்டுனு திரும்புற எடத்துல, அலகு நுனி, கொண்டைப் பள்ளம், நகம், அங்கே மட்டும் கூர் நோடு. இப்படி வச்சா மொத்தச் சேவலும் எழுவது எம்பதுக்குள்ள அடங்கிரும். அடங்கலைன்னா உனக்கு இன்னும் புள்ளி மேல ஆசை விடலைன்னு அர்த்தம். ஒவ்வொண்ணா அழிச்சுப் பாரு. அழிச்சும் உருவம் மாறலைன்னா அது தண்டப்புள்ளி.

ரெண்டாந்தடவை அனுப்பினது எங்கே? இதுவா! இது நீயா வரைஞ்ச சேவல். மாடர்னா இருக்கட்டும்னு கொண்டையை மூணு முள்ளா கொறைச்சு, வாலை ஏரோப்பிளேன் றெக்கை மாதிரி ஆக்கி... அழகுதான், இல்லைங்கலை. காணாமப் போன ஆட்டைத் தேடித் தரச் சொன்னா, அதைவிடக் கொழுத்த ஆட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கே. கொழுத்து என்ன, அவர் ஆடு இல்லையே. கவுண்டர்ல தேங்கா எண்ணெய் வாங்க வர்ற கிழவிக்கு எழுத்து தெரியாது, அஞ்சு முள்ளுக் கொண்டை தெரியும். தேர்தல் கமிஷன்ல எம்.எஸ். சேத்தின்னு ஒரு டிராப்ட்ஸ்மேன் இருந்தாரு, 1992-ல ரிட்டையர் ஆனவரு. அவர் பென்சிலால வரைஞ்ச சின்னங்களைத்தான் எழுத்து தெரியாத கோடி பேரு அடையாளம் பாத்து ஓட்டுப் போட்டாக. சைக்கிளுக்கு மாடர்னா ஒத்தைச் சக்கரம் வச்சிருந்தாருன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசி.

இன்னொண்ணு, அந்தச் சேவலை எண்ணெய்க்கடைக்காரரோட அப்பா காலத்துலயே டிரேட் மார்க் பதிஞ்சிருக்காக. இப்ப உள்ள 1999 சட்டத்துல 10 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். அடையாளம் மாறுற மாதிரி படத்தை மாத்திட்டா, பதிஞ்சது ஒரு சேவல், கடையில நிக்கிறது வேற சேவல்னு ஆயிரும். ஆமா, லோகோ தொலைஞ்சு போச்சுன்னு ஒப்பாரி வச்சீங்களே, பதிவுச் சான்றிதழ்ல அந்தப் படம் ஒட்டியிருக்குமேன்னு யாருக்காவது தோணுச்சா? பீரோவுல இல்லைன்னா கிண்டி ஆபீஸ்ல கேட்டு வாங்கலாம். பழைய பில் புக்கு, மஞ்சப்பை, தினசரிக் காலண்டர் அட்டை, எத்தனை எடம் இருக்கு. டி.டி.பி. கடைக்காரன் கம்ப்யூட்டரைத் தொடைச்சிட்டான்னதும் சேவலே செத்துப் போன மாதிரி அழுதீங்க.

சரி, மூணாவது. இதுதான் இப்பத் திரும்பி வந்ததா? கொண்டா, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்.

அடேயப்பா. நடுவைப் பிடிச்சிருக்கே! கொண்டைக்கு அஞ்சு முள்ளு இருக்கு. நோடு 78. யாருடா சொல்லிக் குடுத்தா? ஓ, நான் போன வாரம் சொன்னதைக் காதுல வாங்கலைன்னு நினைச்சேன், வாங்கியிருக்கே. இப்பச் சொன்னதெல்லாம் வீணாப் போச்சு. இருக்கட்டும், ரெண்டு தடவை கேட்டா புத்திக்குக் கெடுதல் இல்ல.

எதைப் பாத்து வரைஞ்சே? பரண்ல கிடைச்ச பிளாக்கா? துத்தநாகத் தகடு, மரக்கட்டையில ஆணி அடிச்சது? அதைப் போட்டோ எடுத்து வரைஞ்சியா... ம். சரி சரி. நான் ஒண்ணும் சொல்லலை. தடிமனைப் பாப்போம் மொதல்ல.

தடிமன் எவ்வளவு வச்சே? 1.4 மில்லியா? எங்கே அளந்தே? கொண்டைப் பள்ளத்துலயா? அங்கேதாண்டா அளக்கக் கூடாது. மை எப்பவும் மூலையில போயித் தேங்கும், சாதம் வடிச்ச கஞ்சி தட்டோட ஓரத்துல தேங்குற மாதிரி. அந்தப் பிளாக்குல பிரிண்ட் எடுத்த பழைய பில்லைப் பாரு. கொண்டையில 1.4, நகத்துல 1.3, வயித்துப் பக்கம் நீளமா ஓடுற கோட்டுல 1. இதுல எது நெசம்? மூலையில்லாம, வேற கோடு வந்து முட்டாம, தன்போக்குல ஓடுற எடத்துல உள்ளதுதான் நெசம். சேவல் உயரம் 70 மில்லி, கோடு 1 மில்லி. எழுபதுக்கு ஒண்ணு. இதை எழுதி வச்சுக்கோ.

வரைஞ்சவன் வேணும்னே தடிப்பும் மெலிவுமா வரைஞ்சிருக்கக் கூடாதான்னு நீ கேப்பே. கேக்கணும். தூரிகையில வரைஞ்சதுன்னா அழுத்தம் ஏற இறங்க இருக்கும், அதைச் சமப்படுத்துனா பாவம். ஆனா இது உருண்டை நிப்பு. ஒரே நிப்பு, ஒரே கோடு. அதுக்கப்புறம் பிளாக் பண்றவன் போட்டோ பிடிச்சுத் தகட்டுல ஏத்தி, நைட்ரிக் ஆசிட்ல ஊறவச்சான். ஆசிட்டு நேரா கீழே மட்டும் திங்காது, பக்கவாட்டுலயும் கொஞ்சம் கடிக்கும். அப்புறம் மிஷின்காரன் மையை அள்ளிப் பூசி அமுக்கினான், கோடு பிதுங்குச்சு. அப்புறம் இருவது வருசம் தேய்மானம். நீ பாக்குற ஏத்த எறக்கம் எல்லாம் ஆசிட்டோடதும் மையோடதும். வரைஞ்சவன் தலையில கட்டாதே. அதனால இங்கே கோட்டை ஒண்ணுபோல ஆக்குறது அவனுக்கு மரியாதை.

அட, ரூலர் வச்ச மாதிரி ஒண்ணுபோலன்னும் சொல்லலை. படுத்த கோடும் நின்ன கோடும் ஒரே தடிமன்ல இருந்தா, கண்ணுக்குப் படுத்தது கொஞ்சம் தடியாத் தெரியும். இது கண்ணோட கோளாறு, யாருக்கும் உண்டு. சேவல் நிக்கிற தரைக்கோடு ஒரு நூலிழை மெலிஞ்சா யாரும் பாக்க மாட்டாக, ஆனா இடிக்காது. வால் இறகு அஞ்சும் ஒரே எடத்துல வந்து சேருதே, அங்கே கருப்பு மொத்தையா நிக்கும். கோட்டை முட்டவிடாம கொஞ்சம் முன்னாலயே நிறுத்து. அமெரிக்காவுல டெலிபோன் டைரக்டரிக்காக மேத்யூ கார்ட்டர்னு ஒருத்தர் 1978-ல செஞ்ச எழுத்துல, மூலைக்கு மூலை கொறிச்சு எடுத்த மாதிரி பள்ளம் வச்சிருந்தாராம். மட்டக் காயிதத்துல மை பரவி அந்தப் பள்ளத்தை ரொப்பிரும், எழுத்து சுத்தமா விழும். நீதானே சொன்னே? எங்க ஆளுக பேரு ஊரு இல்லாம இதை லேபிள்ல பண்ணிக்கிட்டுதான் இருந்தாக.

அலகு நுனியில ஏன் இப்படி ஈட்டி மாதிரி முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கு? கூர்மூலையை அப்படியே விட்டா தடிமன் ஏறுறப்ப இப்படித்தான் பாயும். மூலையை உருட்டிவிடு. கோட்டு முனையையும் உருட்டு. உருண்டை நிப்புல வரைஞ்சது, முனை எப்படி மட்டமா வெட்டுப்படும்?

அப்புறம் எஃப் 12 பெட்டியில "ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்"னு ஒரு கட்டம் இருக்கே, அதுல டிக் போட்டிருக்கியா? இல்லையா? போன வருசம் மசாலாக்காரருக்குப் பண்ணிக் குடுத்த மாடு ஞாபகம் இருக்கா? விசிட்டிங் கார்டுல மாட்டைச் சின்னதாக்கினே, கோடு மட்டும் சின்னதாகலை. மாடு கருவாடா வந்துச்சு. அதே மாட்டைப் பத்தடி பிளெக்ஸ்ல ஏத்தினே, கோடு தையல் நூலா நின்னுச்சு. ரோட்டுலருந்து பாத்தவுகளுக்கு வெறும் மஞ்சத் துணிதான் தெரிஞ்சுது. மாட்டோட கோடும் மாட்டோட சேந்து வளரணும்டா. எழுபதுக்கு ஒண்ணுன்னா, பத்தடிச் சேவலுக்கு நாலு சென்டிமீட்டருக்கு மேலே கோடு. விசிட்டிங் கார்டுல 14 மில்லிச் சேவலுக்கு 0.2 மில்லி. பாட்டில் மூடிக்குப் போனா இன்னும் பாதி. கால் பாயிண்டை ஒட்டி வந்துருச்சு, அச்சுல நிக்கிறது கஷ்டம். மூடிக்குன்னு தனிச் சேவல் ஒண்ணு வச்சுக்கோ, வால்ல ரெண்டு இறகைக் கொறைச்சு, கோட்டைத் தடிப்பாக்கி. கோழிக்கே குஞ்சுன்னு தனியா இல்லையா?

எல்லாம் முடிஞ்சப்புறம் கோட்டை உருவமா மாத்தி ஒரு பைல். அதுதான் வெளியில போறது, எவன் கம்ப்யூட்டர்லயும் தடிமன் மாறாது. மாத்துறதுக்கு முன்னால உள்ளது ஒரு பைல், அது உங்கிட்ட. விதைநெல்லையும் சேத்துக் குத்திப் பொங்கித் தின்னுறாதே.

என்ன முழிக்கிறே? இதெல்லாம் சரி, ஆனா இடிக்கிறது இது இல்லையேங்கிறியா? புத்தி இருக்கு உனக்கு.

சிவகாசியில அச்சுத் தொழில் எப்படி வந்துச்சு தெரியும்ல. 1920-கள் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்தாக. பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேணும், லேபிளுக்கு லித்தோ பிரஸ் வேணும். லித்தோங்கிறது செனபெல்டர்னு ஒரு ஜெர்மனிக்காரர் 1796 வாக்குல கண்டுபிடிச்சது. வழவழன்னு தேச்ச சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசை மையால வரையணும், தண்ணி தொடைச்சா வரைஞ்ச எடத்துல மட்டும் அச்சு மை ஒட்டும். நான் வேலைக்குச் சேரும்போது கல்லு போயித் தகடு வந்துருச்சு. ஆனா கல்லுல வரைஞ்ச பெரியவுககிட்டதான் தொழில் படிச்சேன். அவுக கண்ணாடியை முன்னால வச்சுக்கிட்டு எல்லாத்தையும் திருப்பி வரைவாக. எழுத்தும் வலமிருந்து இடம். ஏன்னா கல்லு நேராக் காயிதத்துல ஒத்துறப்ப இடம் வலமாயிரும். ஆப்செட்டு வந்து நடுவுல ஒரு ரப்பர்ப் போர்வையில ஒத்தி எடுத்தப்புறம்தான் நேரா வரையிற சொகுசு வந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்? உம் பிளாக்கை எடுத்துட்டு வந்திருக்கியா? பையில இருக்கா? எடு. அந்த ஸ்டாம்ப் பேடுல ஒத்தி, இந்தக் காலண்டர்த் தாள் பின்னால ஒரு அமுக்கு அமுக்கு.

சேவல் எந்தப் பக்கம் பாக்குது? வலப்பக்கம். திரையில நீ வரைஞ்சது? ஹே ஹே ஹே. அம்பது வருசமா கெழக்கால பாத்துக் கூவின சேவலை மேற்கால திருப்பி நிறுத்திட்டு, ராத்திரி எல்லாம் தடிமனை அளந்துக்கிட்டு இருந்திருக்கே! பிளாக்குல எழுத்து இருந்திருந்தா உடனே பிடிச்சிருப்பே. வெறும் சேவலா இருந்ததுல ஏமாந்துட்டே. பாவம் அந்த மனுசன், பொறந்ததுலருந்து பாத்த சேவல் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னா இடிக்காம என்ன பண்ணும்?

அழாதே. ஒரு பொத்தான் அமுக்கினா திரும்பிரும். திருப்பிட்டியா? பாத்தியா, வந்துட்டான் ராசா.

இப்ப எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு. வலது கால்ல நடு வெரலை ஏன் நேராக்கினே? பிளாக்குல மடங்கியிருக்கே, பாரு. நெளிசல்னு நினைச்சியா? நீ நினைச்சது நியாயந்தான். அது ஆசிட்டும் இல்ல, மையும் இல்ல. 1976-ல ஒரு ஞாயித்துக்கெழமை, நம்ம வீட்டுத் திண்ணையில உக்காந்து அந்தச் சேவலை வரைஞ்சேன். கடைசியா வலது கால் பாக்கி. உங்கப்பனுக்கு ரெண்டு வயசு, ஓடி வந்த வேகத்துல முட்டியில இடிச்சான். நிப்பு மடங்கிருச்சு.

ஆமாடா, நாந்தான். மூணு வாரமா நீ கேக்கலையே, நான் எதுக்குச் சொல்லணும்?

சுரண்டி அழிச்சுக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். கடைக்காரரோட அப்பா அதுக்குள்ள வந்து பாத்துட்டு, "அப்படியே விடுங்க, எட்டு வச்சு நடக்குற மாதிரி இருக்கு"ன்னுட்டாரு. 25 ரூவாயும் அரைத் தூக்கு நல்லெண்ணெயும் குடுத்தாரு. நீ எவ்வளவு பேசியிருக்கே?

எண்ணாயிரமா!

சரி, அந்த வெரலை மடக்கு.